நான்கு நோட்டுகளும் ஒரு ஃபார்மும்: வகுப்பாசிரியை ஒருவருக்குப் பதில்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பின் வகுப்பாசிரியை நான். வகுப்பில் 46 பிள்ளைகள். தாமதமாக வருவோர், வீட்டுப்பாடம் கொடுக்காதோர், வகுப்பு நூலகம், பெற்றோரிடம் பேசியது என்று நான்கு நோட்டுகள் வைத்திருந்தேன். இந்த ஆண்டு ஜூனில் அவற்றை விட்டுவிட்டு, 14 கேள்விகளுடன் ஒரு கூகுள் ஃபார்ம் தயாரித்தேன். பிள்ளைகள் போன் கொண்டுவர அனுமதி இல்லாததால் என் போனிலிருந்து நானே நிரப்புகிறேன். 300 வரி சேர்ந்துவிட்டது. ஆனால் ஒரே பையன் மூன்று பெயர்களில் இருக்கிறான். ஷீட்டின் ஓரத்தில் போட்ட ஃபார்முலா புதிய வரிகளுக்கு வேலை செய்யவில்லை. ஜூலை 5 என்று நான் அடித்தது மே 7 ஆகிவிட்டது. பெயரை அகர வரிசைப்படுத்தப் போய், யாருடைய காரணம் யாருக்கு என்றே தெரியாமல் கலைந்துவிட்டது. வெளியே போகும் பாஸையும் இதில் சேர்க்க நினைத்திருந்தேன். பேசாமல் நோட்டுக்கே திரும்பிவிடலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

திரும்ப வேண்டாம். அந்த 300 வரிகளும் தொலைந்துவிடவில்லை, முதலில் அவற்றை மீட்போம். ஷீட்டில் நீங்கள் பார்ப்பது ஒரு நகல்தான். ஒவ்வொரு பதிலையும் ஃபார்ம் தன்னிடமும் தனியாக வைத்திருக்கிறது. ஷீட்டில் வரிகளைக் கலைத்தாலும் அழித்தாலும் அது மாறாது. ஃபார்மைத் திறந்து ‘ரெஸ்பான்சஸ்’ பக்கத்துக்குப் போங்கள். அங்கே மூன்று புள்ளி மெனுவில் ‘அன்லிங்க் ஃபார்ம்’ கொடுத்து, மறுபடி ‘லிங்க் டு ஷீட்ஸ்’ அழுத்தி, புதிய ஷீட் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதுவரை அனுப்பிய எல்லாப் பதில்களும் அனுப்பிய வரிசையிலேயே புதிய ஷீட்டில் வந்து இறங்கும். பிறகு அந்த ஃபார்ம் பதில் ஏற்பதை நிறுத்திவிடுங்கள். இந்தப் பழைய ஃபார்மை இனி நிரப்பக் கூடாது.

கலைந்ததற்குக் காரணம், பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து ‘சார்ட் ரேஞ்ச்’ கொடுத்தது. தேர்ந்தெடுத்த கட்டங்களை மட்டும் அது இடம் மாற்றும். பக்கத்து நெடுவரிசைகள் அசையாமல் நிற்பதால் பெயர் ஓரிடம், காரணம் வேறிடம் என்று ஆகிவிடும். பதில்கள் வந்து விழும் பக்கத்தில் எதையும் வரிசைப்படுத்தவோ திருத்தவோ ஃபார்முலா போடவோ வேண்டாம். கணக்கெல்லாம் வேறு டேபில் (அதே கோப்பின் இன்னொரு பக்கத்தில்) நடக்கட்டும். அங்கும் வடிகட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ‘ஃபில்டர் வியூ’ போடுங்கள். அது பார்வையை மட்டும்தான் மாற்றும்.

உங்கள் ஃபார்முலா புதிய வரிகளுக்கு இறங்காததும் இதே இடத்து வியாதிதான். ஒவ்வொரு பதிலும் வரும்போது ஃபார்ம் புதிதாக ஒரு வரியைச் செருகுகிறது. நீங்கள் முன்கூட்டியே 500 வரி வரை இழுத்துவிட்ட ஃபார்முலா, அந்தச் செருகலால் கீழே தள்ளப்பட்டுவிடும். வேறு டேபிலிருந்து ‘இரண்டாம் வரி, மூன்றாம் வரி’ என்று ஒவ்வொன்றாகச் சுட்டினாலும் புதிய வரி விடுபடும். அதனால் எப்போதும் முழு நெடுவரிசையையும் சுட்டுங்கள். ஏ2-இலிருந்து ஏ301 வரை என்று முடிவு வைக்காமல், ஏ2-இலிருந்து ஏ என்று கடைசி எண் இல்லாமல் விட்டால் இனி வரும் வரிகளும் கணக்கில் சேரும்.

தேதிக்கு வருவோம். தேதியை நீங்கள் ‘ஷார்ட் ஆன்சர்’ கேள்வியாக வைத்துக் கையால் அடித்திருக்கிறீர்கள். ஷீட்டின் ‘லோகேல்’ (எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்கா என்று இருந்தால் 5/7 என்பதை மே 7 என்று படிக்கும். 25/7 என்று அடித்தால் இருபத்தைந்தாம் மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: தேதியாக ஏற்றது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக விட்டது இடப்பக்கம் நிற்கும். ‘ஃபைல்’ மெனுவில் ‘செட்டிங்ஸ்’ திறந்து லோகேலை இந்தியா என்றும் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்றும் வையுங்கள். இது இனி வருவதற்குத்தான் மருந்து. ஏற்கெனவே தவறாகப் படித்ததை இந்த மாற்றம் சரிசெய்யாது. பழைய வரிகளுக்கு, முதல் நெடுவரிசையில் ஃபார்ம் தானாகப் பதித்திருக்கும் ‘டைம்ஸ்டாம்ப்’பை நம்புங்கள். அன்றன்றே நிரப்பியிருந்தால் அதுதான் உண்மையான தேதி.

இனிப் புதிதாகச் செய்வதைப் பார்ப்போம். நான்கு நோட்டுகளையும் ஒரே ஃபார்முக்குள் திணித்ததுதான் அடிப்படைப் பிழை. 14 கேள்வியில் ஒவ்வொரு முறையும் மூன்றோ நான்கோதான் பொருந்தும், மீதிக் கட்டங்கள் காலி. நான்கும் ஒரே தன்மை கொண்டவையும் அல்ல. தாமதமும் பெற்றோர் பேச்சும் எப்போதாவது, சிலருக்கு மட்டும் நடப்பவை. ஃபார்ம் அவற்றுக்குத்தான் பொருந்தும். வீட்டுப்பாடம் ஒவ்வொரு முறையும் 46 பேருக்கும் கேட்க வேண்டியது. அதற்கு ஃபார்ம் வைத்தால் நீங்கள் களைத்துப்போவீர்கள். ஷீட்டிலேயே ஒரு கட்டப் பலகை போதும். நூலகம் எடுப்பதும் திருப்புவதுமாக இரண்டு முனை கொண்டது. அதற்கு வேறு வடிவம். வருகைப் பதிவை இதில் எதிலும் சேர்க்காதீர்கள். அது பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்துக்கான டிஎன்எஸ்இடி செயலியில் போகிறது. ஒரே தகவலை இரண்டிடத்தில் வைத்தால் இரண்டும் என்றாவது ஒருநாள் முரண்படும், அன்று விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ‘பட்டியல்’ என்று ஒரு டேப் உருவாக்குங்கள். முதல் நெடுவரிசையில் எண், இரண்டில் பெயர், மூன்றில் இரண்டையும் ஓர் இடைவெளியோடு இணைத்த வடிவம்: ‘07 கார்த்திக் எஸ்’, ‘31 பிரியா எம்’, ‘32 பிரியா வி’. எண் கட்டாயம் இரண்டு இலக்கம். 01 என்று அடித்தால் ஷீட் அதை 1 ஆக்கிவிடும். அதனால் அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘ஃபார்மட்’ மெனுவில் ‘பிளெயின் டெக்ஸ்ட்’ ஆக மாற்றிக்கொள்ளுங்கள். பெயருக்குள் காற்புள்ளி வரக் கூடாது. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இந்த எண்தான் முழு ஏற்பாட்டுக்கும் அச்சாணி. வருகைப் பதிவேட்டு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு நிபந்தனை: ஆண்டு முழுவதும் அது மாறக் கூடாது. நடுவில் ஒரு பிள்ளை டி.சி. வாங்கிப் போனால் அந்த எண்ணைக் காலியாக விடுங்கள். புதிதாகச் சேர்பவருக்கு 47. பதிவேட்டில் அகர வரிசைக்காக எண்களை மாற்றி எழுதும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், ஃபார்முக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். எண் மாறினால் ஜூலையில் தாமதமாக வந்த பையனின் கணக்கு ஆகஸ்டில் வேறொரு பிள்ளையின் தலையில் ஏறும். குழந்தைகளைப் பற்றிய பதிவில் அதைவிடப் பெரிய தவறு இல்லை.

பழைய 300 வரிகளையும் இந்த எண்ணுக்குள் கொண்டுவரலாம். ஒரு டேபில் ‘யூனீக்’ ஃபார்முலாவால் பெயர்களை எடுத்தால், எத்தனை விதமாக அடித்திருக்கிறீர்களோ அத்தனையும் ஒருமுறை மட்டும் வரும். அதை நகலெடுத்து ‘வேல்யூஸ் ஒன்லி’ ஆக ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் சரியான எண்ணைக் கையால் எழுதுங்கள். ஃபார்முலாவாகவே விட்டால், பின்னால் ஒரு பெயரைத் திருத்தும்போது பட்டியல் மேலே கீழே நகர்ந்து, நீங்கள் எழுதிய எண்கள் மட்டும் அதே இடத்தில் நிற்கும். பிறகு ‘வீலுக்கப்’ அந்த எண்ணை எடுத்துத் தரும். அதன் நான்காவது இடத்தில் ‘ஃபால்ஸ்’ எழுத மறக்க வேண்டாம். விட்டுவிட்டால் தோராயமாகப் பொருந்தும் பெயரை எடுத்துவிடும்.

தாமத ஃபார்முக்கு இரண்டு கேள்வி போதும். முதலாவது, யார் யார். இதை ‘செக்பாக்ஸ்’ வகையில் வையுங்கள். பட்டியலின் மூன்றாவது நெடுவரிசையை மொத்தமாக நகலெடுத்து, முதல் ஆப்ஷன் இடத்தில் ஒட்டினால் 46 பெயரும் தனித்தனி ஆப்ஷனாக விழும். ஒவ்வொன்றாக அடிக்கத் தேவையில்லை. ஒரே பேருந்தில் ஐந்து பேர் தாமதமாக வந்தால் ஐந்தையும் தொட்டு ஒரே முறை அனுப்பலாம். இரண்டாவது, காரணம்: பேருந்து, வீட்டு வேலை, உடல்நிலை, காரணம் சொல்லவில்லை, வேறு. தேதிக் கேள்வி வேண்டாம். ஃபார்மில் தேதிக் கேள்விக்கு இன்றைய தேதி தானாக வராது, வாசலில் நின்றுகொண்டு தினமும் அதைத் தேடித் தொடுவது வீண். மறந்துபோய் மறுநாள் நிரப்பும் நாளுக்காக மட்டும், ‘இன்று இல்லையென்றால் எந்த நாள்?’ என்று கட்டாயமில்லாத தேதிக் கேள்வி ஒன்றைக் கடைசியில் வைக்கலாம். அந்த வரி நிரம்பியிருந்தால் அதையும், காலியாக இருந்தால் டைம்ஸ்டாம்ப்பையும் கணக்கு டேபில் ‘இஃப்’ போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், எண்ணிக்கை மட்டும் இருந்தால் அது திட்டுவதற்குத்தான் பயன்படும். ஒரே ஊர்ப் பிள்ளைகள் நால்வர் மாதம் எட்டு நாள் ‘பேருந்து’ என்று வந்தால், தலைமையாசிரியர் கையெழுத்தோடு போக்குவரத்துக் கிளைக்குத் தேதிவாரியாக மனு எழுத ஆதாரம் கிடைக்கிறது. ‘வீட்டு வேலை’ ஒரு பெண் பிள்ளைக்கே திரும்பத் திரும்ப வந்தால், அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. தயவுசெய்து இந்தப் பட்டியலை வகுப்புச் சுவரிலோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள்.

ஃபார்மின் இணைப்பை போனில் குரோமில் திறந்து, மெனுவில் ‘ஆட் டு ஹோம் ஸ்கிரீன்’ கொடுத்தால் முகப்பிலேயே ஒரு பொத்தானாக நிற்கும். திறந்ததிலிருந்து அனுப்புவது வரை 20 வினாடிக்கு மேல் ஆனால் கேள்வி அதிகம் என்று பொருள். சிக்னல் இல்லாவிட்டால் ஃபார்ம் போகாது. பதிவேட்டுக்குள் ஒரு துண்டுத் தாள் வைத்திருங்கள். அதில் பெயர்கூட வேண்டாம், ‘07, 31 பே’ என்று எண்ணும் காரணத்தின் முதல் எழுத்தும் போதும். மாலையில் ஏற்றிவிடலாம்.

செக்பாக்ஸில் தேர்ந்தெடுத்த பெயர்கள் எல்லாம் ஷீட்டில் ஒரே கட்டத்துக்குள், காற்புள்ளியால் பிரிந்து வரும். பெயருக்குள் காற்புள்ளி கூடாது என்றது இதற்காகத்தான். எண்ணுவதற்கு ‘கவுண்ட்இஃப்ஸ்’ போதும். தேட வேண்டிய வடிவம்: நட்சத்திரக் குறி, எண், ஓர் இடைவெளி, மறுபடி நட்சத்திரக் குறி. இரண்டு இலக்கம் இங்கேதான் காப்பாற்றுகிறது. 7 என்று மட்டும் தேடினால் 17, 27, 37 என எல்லாம் சேர்ந்து எண்ணப்படும். ‘07’-க்குப் பின் இடைவெளி என்று தேடினால் ஏழாம் எண் மட்டும் சிக்கும். பெயரின் எழுத்தைப் பின்னால் திருத்தினாலும் கணக்கு உடையாது. மாதக் கணக்குக்கு, மாதத் தொடக்க நாளை ஒரு கட்டத்திலும் அடுத்த மாதத் தொடக்க நாளை இன்னொரு கட்டத்திலும் எழுதி, டைம்ஸ்டாம்ப் முதலாவதுக்குச் சமமாகவோ பெரிதாகவோ, இரண்டாவதுக்குச் சிறிதாகவோ இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை சேருங்கள். இன்றைய கணக்கு வேண்டுமென்று ‘டுடே’வுக்குச் சமம் என்று போட்டால் பூஜ்யம்தான் வரும். டைம்ஸ்டாம்ப்பில் நேரமும் ஒட்டியிருப்பதால் அது வெறும் தேதிக்கு ஒருபோதும் சமமாகாது. ‘டுடேவுக்குச் சமம் அல்லது பெரிது’ என்று போடுங்கள்.

வீட்டுப்பாடப் பலகையில் வரிக்கு ஒரு பிள்ளை, நெடுவரிசைக்கு ஒரு பாடம். மேல் வரியையும் முதல் இரண்டு நெடுவரிசையையும் ‘ஃப்ரீஸ்’ செய்தால் போனில் எவ்வளவு நகர்த்தினாலும் பெயர் கண்ணில் இருக்கும். டிக் பாக்ஸ் வைக்கத் தோன்றும், வேண்டாம். டிக் இல்லாத கட்டம் ‘கொடுக்கவில்லை’யா, ‘அன்று வரவில்லை’யா, ‘நான் இன்னும் பார்க்கவில்லை’யா என்று ஒரு வாரம் கழித்து உங்களுக்கே தெரியாது. அதற்குப் பதில் ‘டேட்டா வேலிடேஷன்’ வழியாக மூன்று எழுத்துகளின் டிராப்டவுன் வையுங்கள்: ‘கொ’ கொடுத்தது, ‘இ’ இல்லை, ‘வ’ வராத நாள். நோட்டுகளைத் திருத்தி முடித்ததும் முதல் கட்டத்தில் ‘கொ’ போட்டு 46 வரிக்கும் இழுத்துவிடுங்கள். பிறகு கொடுக்காதவர்களின் கட்டத்தை மட்டும் மாற்றுங்கள். 40 பேர் கொடுத்த நாளில் ஆறு தொடுதலில் வேலை முடிந்துவிடும். ‘வ’ போட்ட பிள்ளையைக் கொடுக்காதவர் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் பாடம் விட்டுப்போனவர் என்று கவனியுங்கள். ஷீட்ஸ் செயலியில் இந்தக் கோப்புக்கு ஆஃப்லைன் அனுமதி கொடுத்துவிட்டால் சிக்னல் இல்லாத வகுப்பிலும் எழுதலாம்.

நூலகத்துக்கு ஒரு கடனுக்கு ஒரு வரி: புத்தக எண், பிள்ளை எண், எடுத்த நாள், திருப்பிய நாள். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் புத்தகம் வெளியே இருக்கிறது. எடுப்பதையும் திருப்புவதையும் இரண்டு ஃபார்ம் பதில்களாக வாங்கினால், எது எதற்கு ஜோடி என்று சேர்ப்பதே தனி வேலையாகிவிடும். கணினியில் கண்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் இன்றைய தேதி விழும். ‘கண்டிஷனல் ஃபார்மட்டிங்’கில், எடுத்த நாள் நிரம்பி, திருப்பிய நாள் காலியாகி, இன்றோடு 14 நாளைத் தாண்டியிருந்தால் வரி மஞ்சளாகட்டும். எடுத்த நாள் நிரம்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விட்டால், காலி வரிகள் எல்லாம் மஞ்சளாகிவிடும்.

பெற்றோர் பேச்சுக்கு ஒரு ஃபார்ம்: பிள்ளை, பேசியவர் யார் (அம்மா, அப்பா, தாத்தா பாட்டி, வேறு), போனிலா நேரிலா, என்ன பேசினோம், என்ன முடிவானது, மறுபடி எப்போது. இதில் பிள்ளை ஒருவர்தான் என்பதால் செக்பாக்ஸ் வேண்டாம், டிராப்டவுன் வையுங்கள். எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். ‘மூன்று நாளாகக் கணக்கு நோட்டு கொண்டுவரவில்லை’ என்பது பதிவு. ‘பொறுப்பில்லாதவன்’ என்பது தீர்ப்பு, அதை அந்தத் தாய் ஒருநாள் படிக்க நேரலாம்.

இந்தப் பதிவுகள் தனி டேபில் இருந்தால் போதாது, தனிக் கோப்பில் இருக்க வேண்டும். பகிர்வது கோப்பு மட்டத்தில் நடக்கும் காரியம். நூலகப் பட்டியலைப் பார்க்க இன்னொரு ஆசிரியருக்கு அனுமதி கொடுத்தால் அதே கோப்பிலுள்ள எல்லா டேபும் அவருக்குப் போகும். டேபை மறைத்து வைப்பது பூட்டு ஆகாது. ஒரு கோப்பின் தகவலை இன்னொரு கோப்புக்கு இழுக்கும் ‘இம்போர்ட்ரேஞ்ச்’ ஃபார்முலா போட்டு இரண்டு கோப்பையும் இணைக்கவும் வேண்டாம். ஒருமுறை அனுமதித்துவிட்டால், இழுக்கும் அந்தக் கோப்பில் எடிட் உரிமை உள்ள எவரும் இந்தக் கோப்பிலிருந்து எதையும் இழுத்துக்கொள்ளலாம். பகிர்வில் ‘இணைப்பு உள்ள எவரும்’ என்ற நிலை இந்தக் கோப்புக்கு ஒருபோதும் கூடாது. ஃபார்மில் யாரையாவது உடன் திருத்துபவராகச் சேர்த்தால் அவர் பதில்களையும் பார்க்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆதார் எண், சாதி, நோய் விவரம் எதையும் கேட்காதீர்கள். நமது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதத்தை அடிப்படையாக்குகிறது. என்ன பதிகிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் சொல்லி அனுமதி பெறுங்கள். பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிவிடுங்கள்.

ஒரு பிள்ளையின் பதிவை அழிக்க வேண்டிவந்தால் ஷீட்டில் மட்டும் அழித்தால் போதாது. முதலில் சொன்னபடி ஃபார்முக்குள்ளும் அது இருக்கும், இரண்டிலும் அழிக்க வேண்டும்.

வெளியே போகும் பாஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பதியவே வேண்டாம். கழிப்பறைக்கு யார் எத்தனை முறை போனார்கள் என்ற கணக்கு, ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கூச்சத்தைத்தான் தரும். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். மேசைமேல் இரண்டு மர அட்டை வையுங்கள். அட்டை வெளியே போயிருந்தால் ஆள் வெளியே போயிருக்கிறார், அவ்வளவு தெரிந்தால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் தாமத ஃபார்ம் மட்டும். அந்த நாட்களில் கையாலும் எழுதி வாருங்கள். இரண்டாம் வெள்ளிக்கிழமை தாளின் எண்ணிக்கையும் ஷீட்டின் எண்ணிக்கையும் ஒன்றாக வந்தால் அடுத்ததற்குப் போகலாம். வராவிட்டால், பெரும்பாலும் எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே இடைவெளி விடுபட்டிருக்கும். அல்லது ஃபார்மில் ஒரு கேள்வியை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்திருப்பீர்கள். அப்போது ஷீட்டில் புது நெடுவரிசை ஒன்று கடைசியில் உருவாகும், உங்கள் ஃபார்முலா பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும். கேள்வியின் வாசகத்தை மாற்றலாம், கேள்வியை அழிக்காதீர்கள்.

தலைமையாசிரியர் கையெழுத்துக்கு மாதக் கடைசியில் கணக்கு டேபை ஏ4 தாளில் படுக்கைவாக்கில், பக்க அகலத்துக்குப் பொருந்துமாறு அச்செடுத்துக் கொடுங்கள். 46 வரி ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால் மேல் வரி அடுத்த பக்கத்திலும் வரும்படி அச்சு அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம். ஏப்ரலில் ஆண்டு முடிந்ததும் ஃபார்மை ‘மேக் எ காப்பி’ செய்தால் கேள்விகள் மட்டும் வரும், பதில்கள் வராது. அதில் புதுப் பட்டியலை ஒட்டிப் புது ஷீட்டோடு இணையுங்கள். இதையெல்லாம் உங்கள் சொந்த ஜிமெயிலில் வைத்திருந்தால், மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊர் கிடைக்கும்போது பிள்ளைகளின் பதிவும் உங்களோடு வந்துவிடும். பள்ளியின் பெயரில் ஒரு கணக்கைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி, தாமத ஃபார்மை அதிலேயே தொடங்குங்கள்.